பெயர் இல்லாத எடுபிடிகளுக்கு ஒரு ஆட்டம்

1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம்பாய்க்கு வெளியான முதல் போக்கிமான் ஆட்டத்தில் திருட்டுப் போன வீடு ஒன்று வரும். ஆங்கிலப் பதிப்பில் அந்த ஊரின் பெயர் செருலியன். வீட்டுக்குள் போனால் பின்சுவரில் பெரிய ஓட்டை. அது வழியாகக் கொல்லைக்குப் போனால் திருடன் அங்கேயே நின்றுகொண்டிருப்பான். அவனிடம் ஒரு மச்சாப், ஒரு டிரௌஸி. சண்டை போட்டு ஜெயித்தால் திருடின பொருளை நம்மிடம் கொடுத்துவிடுவான். போக்கிமானுக்கு மண் தோண்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு கருவி, அவ்வளவுதான் அவன் எடுத்தது. திருடினவன் ஏன் ஓடாமல் கொல்லையிலேயே நின்றான் என்பதற்கு ஆட்டத்தில் பதில் இல்லை. அவனுக்குப் பெயரும் இல்லை. சண்டை தொடங்கும்போது திரையில் வெறுமனே "ராக்கெட்" என்று வரும்.

இவனை மையமாக வைத்து ஒரு மேசை ஆட்டம் நடத்தினால் எப்படி இருக்கும் என்பதுதான் இந்தப் பதிவு. தலைவனை வைத்து இல்லை, அழகாகத் திட்டம் போடும் கொள்ளைக்காரர்களை வைத்தும் இல்லை. மான்ஸ்டர் பிடிக்கிற உலகத்தில் கடைசிப் படியில் நிற்கிற எடுபிடியை வைத்து.

பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்றால் நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துவது. ஒருவர் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜி.எம். உலகத்தையும் மற்ற எல்லா ஆட்களையும் அவர் பார்த்துக்கொள்வார். எங்கே முடிவு சந்தேகமோ அங்கே பகடை உருட்டுவார்கள். விதிப்புத்தகம் எதற்கு விதி வைத்திருக்கிறதோ அதைப் பற்றித்தான் கதை போகும். சண்டைக்கு எண்பது பக்கமும் வருத்தப்படுவதற்கு ஒரு வரியும் இருந்தால், எல்லாரும் சண்டைதான் போடுவார்கள். அதனால் ஒரு ஆட்டத்தை விமர்சிக்க அதன் கதைப் பின்னணியைவிட விதிகளைப் பார்ப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

எடுபிடி என்ன வேலை பார்க்கிறான்

முதலில் மூல ஆட்டத்தைப் பார்ப்போம். டீம் ராக்கெட் ஆட்கள் மவுண்ட் மூன் குகையில் புதைபடிவம் தேடுகிறார்கள். செலடன் ஊரில் சூதாட்டக் கூடத்தை நடத்துகிறார்கள். அங்கே சுவரில் ஒரு போஸ்டர், போஸ்டருக்குப் பின்னால் ஒரு சுவிட்ச், சுவிட்சைத் தட்டினால் நிலவறைக்குப் படிக்கட்டு. அந்தப் போஸ்டருக்குக் காவலாக ஒருத்தன் நாள் முழுக்க நிற்கிறான். உள்ளே போனால் லிஃப்ட் சாவியை வைத்திருக்கிற இன்னொருத்தன், தோற்றதும் அதைக் கீழே போட்டுவிடுகிறான். காவல் காப்பது, தோண்டுவது, சாவி வைத்திருப்பது. எந்த வேலைக்கும் மூளை வேண்டாம். யாராவது வரும்வரை நிற்கத் தெரிந்தால் போதும்.

இவர்கள் வேடிக்கை ஆட்கள் மட்டும் என்றால் எனக்குப் பெரிய ஆர்வம் வந்திருக்காது. லாவண்டர் ஊர்க் கோபுரத்தில் ஒரு மாரோவாக் ஆவியாக அலையும். அது ஒரு குட்டி கியூபோனின் தாய், ராக்கெட் ஆட்கள் அதைக் கொன்றுவிட்டார்கள். 1999-இல் வந்த கோல்ட், சில்வர் ஆட்டங்களில் இவர்கள் ஒரு கிணற்றுக்குள் உட்கார்ந்து ஸ்லோபோக்குகளின் வாலை வெட்டி விற்கிறார்கள். பக்கத்துச் சாலையில் ஒருத்தன் அந்த வாலை நம்மிடம் பத்து லட்சத்துக்கு விற்கப் பார்ப்பான். குழந்தைகள் ஆட்டத்துக்குள் இவ்வளவு கொடுமை இருக்கிறது. வாலை வெட்டுகிற கத்தியைப் பிடித்திருப்பதும் அதே பெயர் இல்லாத ஆள்தான். ஆக, இவனைப் பாவப்பட்டவனாக மட்டும் காட்டுகிற ஆட்டம் பொய். இவனை அரக்கனாக மட்டும் காட்டுகிற ஆட்டமும் போர்.

அந்த வேலைக்கு அவன் எப்படி வந்தான்? முதல் ஆட்டத்தில் ஒரு பாலம் வரும். ஐந்து பேரை வரிசையாக ஜெயித்தால் கடைசியில் நிற்பவன் ஒரு தங்கக் கட்டியைப் பரிசாகக் கொடுத்து, டீம் ராக்கெட்டில் சேருகிறாயா என்று கேட்பான். பதில் சொல்ல நமக்கு பட்டன் கிடையாது. அவனே கேட்டு, அவனே நமக்கு விருப்பமில்லை என்று முடிவு செய்து, சண்டைக்கு வந்துவிடுவான். எனக்கு அந்த ஆட்டத்திலேயே மிகச் சுவாரசியமான இடம் அதுதான். அன்று அதே பாலத்தைக் கடந்த வேறு யாரோ ஒருவர் "சரி" என்று சொல்லியிருப்பார். மேசை ஆட்டத்தில் அந்த "சரி"யிலிருந்து தொடங்கலாம்.

2016-இல் வந்த சன், மூன் ஆட்டங்கள் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரடியாகவே பதில் சொல்கின்றன. அலோலா என்ற தீவுக்கூட்டத்தில் சிறுவர்கள் தீவு தீவாகப் போய்ச் சோதனைகளை முடிக்க வேண்டும். முடிக்காமல் விட்டவர்கள் பலர் சேர்ந்த கும்பல்தான் டீம் ஸ்கல். அவர்கள் தலைவன் குஸ்மாவுக்கே கேப்டன் பதவி கிடைக்கவில்லை. மழை விடாமல் பெய்கிற, மதில் சூழ்ந்த ஒரு ஊரில் குடியிருக்கிறார்கள். மதிலுக்கு வெளியே இருக்கிற எல்லாரும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கடைசியில் பார்த்தால், போக்கிமான்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் பணக்கார அறக்கட்டளை ஒன்றின் தலைவிக்காகத்தான் இவர்கள் எடுபிடி வேலை பார்த்திருக்கிறார்கள். வெள்ளை உடை போட்ட இடத்துக்கு அழுக்கு வேலை செய்ய அழுக்கு உடை போட்ட ஆட்கள். அந்தத் தொடரில் எழுதப்பட்ட மிக யோக்கியமான விஷயங்களில் இது ஒன்று.

பத்து வயதில் எல்லாரையும் "போய் சாம்பியன் ஆகிட்டு வா" என்று வீட்டை விட்டு அனுப்புகிற உலகம் அது. சாம்பியன் ஒருவர்தான். மீதிப் பேர் எங்கே போவார்கள் என்று கேட்டால் எடுபிடிகளின் கதை வந்துவிடும்.

பிடிப்பதும் திருடுவதும்

இந்த உலகத்தில் திருட்டு என்றால் என்ன என்பதே சிக்கலான விஷயம். காட்டில் திரிகிற உயிரைப் பந்தை எறிந்து பிடித்தால் அது பயிற்சியாளரின் வெற்றி. அதே பந்தை இன்னொருவரின் உயிர் மேல் எறிந்தால் ஆட்டமே தடுத்து, திருடாதே என்று திட்டும். பிடிபடுகிற உயிரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? முன்னால் யாராவது பந்து எறிந்திருக்கிறார்களா இல்லையா என்பது மட்டும்தான்.

இந்தக் கோட்டைத் தாண்டிப் பார்த்த ஒரு வீடியோ கேம் உண்டு. ஜீனியஸ் சொனாரிட்டி செய்து 2003-இல் வெளியான போக்கிமான் கொலாசியம். அதன் நாயகன் வெஸ், போக்கிமான்களைப் பிடுங்கும் கும்பலிலிருந்து, அவர்களுடைய மறைவிடத்தையே வெடிவைத்துத் தகர்த்துவிட்டு வெளியேறியவன். ஆட்டம் நடக்கும் ஓரே பகுதி பாலைவனம். அங்கே காட்டு மான்ஸ்டர்களைப் பிடிக்க வழியே இல்லை. கைக்கு வருவதில் பெரும்பாலானவை அடுத்தவரிடமிருந்து பிடுங்கியவைதான். எவ்வளவு தைரியமான யோசனை! ஆனா உடனே பின்வாங்கிவிடுகிறது. பிடுங்க முடிவது "நிழல்" போக்கிமான்களை மட்டும். மொத்தம் 48. அவை செயற்கையாக மனம் மூடப்பட்டவை, அவற்றை வைத்திருப்பவர்கள் கெட்டவர்கள் அல்லது ஏமாந்தவர்கள். ஆகவே திருட்டு என்பது மீட்பு ஆகிவிட்டது. வெஸ் ஆட்டம் முழுக்கத் திருடுகிறான், ஒரு தடவைகூடத் திருடனாக வேண்டிய அவசியம் அவனுக்கு வருவதில்லை.

எடுபிடி ஆட்டத்துக்கு இந்தச் சலுகை இருக்கக்கூடாது என்பது என் வாதம். திருடப்படுகிற உயிருக்கு ஒரு வீடு இருக்க வேண்டும். அங்கே அதை நல்லபடியாக வைத்திருந்திருக்க வேண்டும். அப்போதுதான் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உண்மையான ஒரு முடிவு எடுக்க வேண்டிவரும்.

இருக்கிற விதிகள் எதுவரை வரும்

குற்றவாளிகளைப் பற்றிய மேசை ஆட்டம் என்றால் இன்று பலரும் முதலில் சொல்வது பிளேட்ஸ் இன் த டார்க். ஜான் ஹார்ப்பர் எழுதி 2017-இல் புத்தகமாக வந்தது. டாஸ்க்வால் என்ற இருண்ட நகரத்தில் ஒரு சின்னக் கும்பலை நடத்துவோம். அதன் விதிகள் அபாரம். திட்டம் போடுவதிலேயே மூன்று மணிநேரம் ஓட்டாமல் நேராக வேலை நடக்கும் இடத்துக்குக் குதித்துவிடலாம், தேவைப்பட்டால் "இதை நேத்தே ஏற்பாடு பண்ணிட்டேன்" என்று ஃப்ளாஷ்பேக் போடலாம். ஆளுக்கு ஒன்பது கட்டம் மன அழுத்தம். கூடுதலாக ஒரு பகடை வேண்டுமென்றால் இரண்டு கட்டத்தை நிரப்ப வேண்டும். கட்டம் தீர்ந்தால் மனதில் நிரந்தரமாக ஒரு வடு, நாலு வடு சேர்ந்தால் அந்தப் பாத்திரத்துக்கு ஓய்வு.

எங்கள் எடுபிடிக்கு இது இரண்டு இடங்களில் பொருந்தாது. முதலாவது, பிளேட்ஸ் ஒரு ஏணி. கும்பலுக்கு அந்தஸ்துப் படிகள் உண்டு, பூஜ்யத்தில் தொடங்கி ஏறலாம். சேமிப்புக்குத் தனிக் கணக்கு உண்டு. 40 நாணயம் சேர்த்தவர் கடைசிக் காலத்தில் சொகுசாக வாழ்வார், பத்துக்குள் நின்றவர் சாக்கடை ஓரத்தில் சாவார். கெட்டிக்காரனாக இருந்தால் மேலே வரலாம் என்று விதிகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அதாவது, சாம்பியன் ஆகலாம் என்ற அதே வாக்குறுதி, கறுப்புச் சட்டையில். எடுபிடி அந்த வாக்குறுதியில் ஒருமுறை தோற்றுத்தான் இங்கே வந்திருக்கிறான். இங்கேயும் தலைவர் இடம் காலியாகாது.

இரண்டாவது, பிராணி. பிளேட்ஸில் ஹவுண்ட் என்ற வேட்டைக்காரப் பாத்திரத்துக்குப் பழக்கப்பட்ட வேட்டைப் பிராணி ஒன்று உண்டு. அது எங்கே இருக்கிறது தெரியுமா? சாமான் பட்டியலில். கைத்துப்பாக்கி, நீளத் துப்பாக்கி, தோட்டா, தொலைநோக்கி, நடுவில் ஒரு பிராணி. டாஸ்க்வாலுக்கு அது போதும். மான்ஸ்டர் உலகத்துக்குப் போதாது.

மறுபக்கம் கிராண்ட் ஹௌவிட்டின் ஹனி ஹைஸ்ட். அதுவும் 2017, மொத்தமே ஒரு பக்கம். நீங்கள் எல்லாரும் கரடிகள், தேனைக் கொள்ளையடிக்கப் போகிறீர்கள். இரண்டே குணம்: கரடி, குற்றவாளி. இரண்டும் மூன்றில் தொடங்கும். திட்டம் சொதப்பினால் ஒரு புள்ளி கரடிப் பக்கம் நகரும், பலித்தால் குற்றவாளிப் பக்கம். கரடி ஆறு ஆனால் வெறிபிடித்துவிடும், குற்றவாளி ஆறு ஆனால் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுப்பீர்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு கூர்மையான விஷயம் இருக்கிறது. நல்லபடி வேலை முடிவதே ஆளைக் கெடுக்கிறது. பிளேட்ஸ் அவ்வளவு பக்கங்களில் சொல்லத் தயங்குவதை இந்த ஒரு பக்கம் சொல்லிவிடுகிறது. குறை என்னவென்றால் ஒரு மாலைக்கு மேல் தாங்காது. அடுத்த வாரமும் அதே மாமூலைக் கட்ட வேண்டியவனின் சலிப்பு அதில் வராது.

எங்கள் மேசை

நான் ஜி.எம்., நண்பர்கள் நாலு பேர், ஆறு வாரம். பிளேட்ஸ் விதிகளை எடுத்து மூன்று இடத்தில் கைவைத்தோம். சூதாட்டக் கூடத்துக்குக் காவல் நிற்கிற நாலு எடுபிடிகள்தான் பாத்திரங்கள்.

ஒன்று, அந்தஸ்துப் படிகளை எடுத்துவிட்டோம். பிளேட்ஸில் மேலே ஒரு முதலாளி இருந்தால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பங்கை அவருக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி உண்டு. அதை வைத்துக்கொண்டு, வாரா வாரம் கூட்டினோம். எங்கள் மேசையில் அதற்கு மாமூல் என்றே பெயர்.

இரண்டு, ஆளுக்கு ஒரு மான்ஸ்டர். அதற்கும் அழுத்தக் கட்டம் உண்டு, ஆனால் நாலுதான். உங்களுக்கு வரவேண்டிய அழுத்தத்தை எப்போது வேண்டுமானாலும் அதன் தலையில் கட்டலாம். பகடை கிடையாது, அனுமதி வேண்டாம். நாலும் நிறைந்தால் அது என்ன செய்யும் என்பதை எதிரில் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்வார்.

மூன்று, திருடின ஒவ்வொரு உயிருக்கும் ஒரு சீட்டு. விற்பதற்கு முன்னால், வீட்டில் அதை எப்படிக் கூப்பிட்டார்கள் என்ற பெயரை அதில் எழுதியே ஆகணும்.

இரண்டாவது விதிதான் ஆட்டத்தை நடத்தியது. முதல் வாரம் யாரும் தன் ஜூபாட் மேல் எதையும் ஏற்றவில்லை. "பாவம்டா, சின்னது." இரண்டாம் வாரம் ஒருவர் ஒரு கட்டம் ஏற்றினார், "அப்புறம் கவனிச்சுக்கலாம்" என்று. நாலாம் வாரத்தில் எல்லா மான்ஸ்டரும் மூன்றில் நின்றன, ஆட்கள் பாதிகூட நிறையவில்லை. யாரும் கெட்டவனாக வேண்டும் என்று உட்காரவில்லை. மேலே இருந்து வருகிற பாரத்தைத் தனக்குக் கீழே இருக்கிற ஒரே உயிருக்குத் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். தலைவன் இவர்களுக்குச் செய்ததை இவர்கள் ஜூபாட்டுக்குச் செய்தார்கள். நான் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. நாலு கட்டமும் ஒரு பென்சிலும் போதுமாக இருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு குரௌலித்தைத் தூக்கினார்கள். நாய் மாதிரி இருக்கும், நெருப்பு கக்கும். சீட்டில் பெயர் எழுதச் சொன்னேன். ஒருவர் யோசிக்காமல் "மணி" என்று எழுதினார். எழுதினதும் மேசையில் யாரும் பேசவில்லை. நம்ம ஊரில் மணி என்று ஒரு நாய் இல்லாத தெரு உண்டா? மீதி நேரம் முழுக்க மணியை என்ன செய்வது என்ற வாக்குவாதம்தான். திருப்பி விட்டுவிடலாம், ஒருவரே வைத்துக்கொள்ளலாம், பொய்க் கணக்குக் காட்டலாம். கடைசியில் விற்றார்கள். மாமூல் இரண்டு நாணயம் குறைந்தது.

அந்த வாரக் குறிப்பேட்டைப் பிறகு புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. வாக்குவாதம் முழுக்க எல்லாரும் "அவன் பயந்து போயிருக்கான்", "அவனுக்கு சாப்பாடு போடு" என்று பேசியிருக்கிறார்கள். விலை பேச ஆரம்பித்த இடத்திலிருந்து "அது எவ்வளவு போகும்", "அதைக் கூண்டோட குடுத்துடலாம்." யாரும் சொல்லி வைத்து மாற்றவில்லை. உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு இறங்கினால்தான் விற்க முடிகிறது. இந்த ஆட்டத்தைத் தமிழில் விளையாடினதற்குக் கிடைத்த பலன் இது. பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்திலும் எந்தத் திணை என்று முடிவு செய்தாக வேண்டிய மொழி, ஆட்டக்காரரை ஒளிய விடாது.

சிரிப்பு வேண்டாமா?

இதைப் படித்துவிட்டு, "ஜெஸ்ஸி, ஜேம்ஸ், மியாவ்த்தை வைத்து ஜாலியாக விளையாட வேண்டியதை இப்படிச் சோகமாக்கணுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1997-இல் தொடங்கிய கார்ட்டூனில் அந்த மூவரும் வாரா வாரம் பிக்காச்சுவைத் திருடப் போய் வாரா வாரம் வானத்தில் பறப்பார்கள். அந்தத் தோல்வி ஒரு வசதி. எதையும் கடைசிவரை திருட முடியாததால் அவர்கள் மேல் நமக்குக் கோபமே வருவதில்லை.

ஆனால் அந்தத் தொடரிலேயே ஒரு அத்தியாயம் உண்டு. ஒரு வேட்டைக்காரனிடம் மாட்டிய எகான்ஸ், கோஃபிங் கூட்டத்தைக் காப்பாற்ற, ஜெஸ்ஸி தன் ஆர்பாக்கையும் ஜேம்ஸ் தன் வீசிங்கையும் அவற்றோடு அனுப்பிவிடுவார்கள். நிரந்தரமாக. அடுத்தவர் பிராணியைத் திருடுவதே பிழைப்பாக வைத்திருக்கிறவர்களுக்குத் தங்கள் பிராணி மேல் இவ்வளவு பாசம். கோமாளிகளாகவே இருந்துகொண்டுதான் அதையும் செய்கிறார்கள். எங்கள் மேசையிலும் சிரிப்பு குறைவில்லை. காவல் நிற்கிற ஆள் தூங்கிவிழுந்து போஸ்டரைக் கிழித்த வாரம் யாராலும் பகடையே உருட்ட முடியவில்லை. சிரிப்பு இருக்கட்டும். மணியை விற்ற பிறகும் அடுத்த வாரம் சிரிக்க முடிந்தது என்பதுதான் எனக்கு உறுத்தியது, அது உறுத்த வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

எங்கள் விதிகளில் இன்னும் ஓட்டை இருக்கிறது. அழுத்தம் நிறைந்த மான்ஸ்டரை எதிரில் இருப்பவர் கையில் கொடுப்பது முதல் தடவை திடுக்கிட வைக்கும், மூன்றாம் தடவை பழகிவிடும். பெயர்ச் சீட்டும் அப்படித்தான். பத்து சீட்டு எழுதின கைக்குப் பதினொன்றாவது ஒரு வேலை மட்டும். பழகிப்போவதும் இந்தக் கதையின் ஒரு பகுதி என்று வாதிடலாம். ஆனால் ஆட்டம் என்ற வகையில் ஆறு வாரத்துக்கு மேல் இதை இழுக்காதீர்கள் என்பேன். விளையாடிப் பார்க்க நினைப்பவர்கள் மாமூலை முதல் வாரமே ஏற்ற வேண்டாம். முதலில் அவர்கள் தங்கள் ஜூபாட்டோடு கொஞ்சம் பழகட்டும்.

அடுத்த தடவை எங்கே தொடங்குவது என்று ஒரு யோசனை இருக்கிறது. கோல்ட், சில்வரில் தலைவன் ஜியோவானி காணாமல் போய் மூன்று வருடம் ஆகியிருக்கும். மிச்சமிருக்கிற ஆட்கள் ஒரு ரேடியோ கோபுரத்தைப் பிடித்து, திரும்பி வாருங்கள் என்று அவனுக்கு ஒலிபரப்புவார்கள். நாம் போய் எல்லாரையும் அடித்து விரட்டுவோம். ஜியோவானி வரமாட்டான். வீடியோ கேம் அதோடு அடுத்த ஊருக்குப் போய்விடும். மேசையில் நாலு பேர், கையில் நாலு ஜூபாட், கோபுரத்துக்கு வெளியே விடிந்துகொண்டிருக்கிறது, இனி மாமூல் கேட்கவும் ஆள் இல்லை. அங்கிருந்து அவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்க வேண்டும்.